நாளுக்கு முக்கால் லீற்றர்

செவ்வாய், வியாழன், சனி.
விடிய ஐந்தேகாலுக்கு
செர்கானின் டாக்சி வாசலில் நிற்கும்.
மேல்வீட்டுக்காரர் கத்துவார் என்று
ஹோர்ன் அடிக்கமாட்டான்.
உள்விளக்கை இரண்டு தரம் போட்டணைப்பான்.

லூடன்ஷைட்டில் மழை.
பாலம் மூடின நாளிலிருந்து
லொறியெல்லாம் ஊருக்குள்ளால்.
அவற்றின் பின்னால் ஊர்ந்தபடி
மகளின் கணக்குப் பாடத்தைப் பற்றிச் சொல்லுவான்.
என் எடையைக் கேட்கமாட்டான்.

அதைக் கேட்கத் தராசு இருக்கிறது.
இரண்டு கிலோ நானூறு கூட என்று
தாதி மார்லேனா எழுதும்போது
ஞாயிற்றுக்கிழமை குடித்த ரசம்
முகத்தில் வந்து நிற்கும்.

இடக்கையில், தோலுக்கடியில்,
ஒரு வண்டு ஓயாமல் இரைகிறது.
நின்றால் உடனே போன் எடு என்றார் டொக்ரர்.
படுக்கையில் அந்தக் கையை
காதோடு வைத்துக்கொள்கிறேன்.

முதல் மாதம் சனம் வந்தது.
சங்கத்திலிருந்து ஏழு பேர்.
ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பெட்டி தோடம்பழம்,
பவளராணி அக்கா இளநீர், அதுவும் பாரிசிலிருந்து.
அத்தனையும் எனக்கு நஞ்சு.
சொல்ல வெட்கம். வாங்கி வைத்தேன்.
வாழைத்தண்டுச் சாறு குடி, கல் கரைஞ்சுபோகும் என்றார் ஒருவர்.
எனக்குக் கல் இல்லை.
கல்லென்றால் எவ்வளவு நல்லது.
என்ன பாவம் செய்தாளோ என்று
சோபாக் கரையில் ஒரு குரல்,
மெதுவாகத்தான்.
வீடு சின்னது.

ஐந்தாம் மாதம் ஒருவரும் இல்லை.
குறை சொல்லேன்.
மாறாத வருத்தத்திடம் போய்
எத்தனை தரம்தான் கேட்பது,
இப்ப எப்பிடி, இப்ப எப்பிடி என்று.

ரூபவதி அப்படிக் கேட்கவில்லை.
பதினொரு வருடம் ஒரே பெல்ற்றில்
பக்கத்தில் நின்று விளக்குக்கூடு பூட்டினவள்.
"நாளுக்கு எவ்வளவு குடிக்கலாம்?"
முக்கால் லீற்றர். சொதியும் அதுக்குள்ளதான்.

அடுத்த கிழமை பையோடு வந்தாள்.
பழம் இல்லை.
சாராயம் குடிக்கிற குட்டிக் கிளாஸ் இரண்டு.
ஒன்று எனக்கு, மற்றது தனக்கு.
தேத்தண்ணி இனி அதில்தான்,
நாற்பது மில்லி, மூன்று மிடறு.
பெரிய குடிகாரிகள் மாதிரி இருக்கிறோம் என்று
அவளுக்குச் சிரிப்பு.
வீட்டுக்குப் போய் ஒரு செம்பு தண்ணி குடிப்பாள்,
எனக்குத் தெரியும்.

உருளைக்கிழங்கை வெட்டி இரவிரவாக ஊறவைத்து
தண்ணியை ஊற்றி, திரும்ப அவித்து வடித்தால்
பொட்டாசியம் போகும். ருசியும் போகும்.
அந்தக் கறியை ஒருநாள்
தன் பிள்ளைகளுக்கும் போட்டிருக்கிறாள்.
"அம்மா, இதை மெசினிலயா தோய்ச்சனீங்கள்?"
சின்னவன் கேட்டானாம்.

பக்கத்துக் கதிரை திருமதி ஹூபர்ட்.
நாலு மணித்தியாலமும் குறுக்கெழுத்து.
பெல்ற்று ஜெர்மன் மட்டும் தெரிந்த என்னிடம்
ஒருநாள் தலையைத் திருப்பினார்:
இலங்கை நகரம், ஏழெழுத்து.
கொழும்பு என்றேன்.
மார்லேனாவைக் கூப்பிட்டுக் காட்டினார், ஏதோ
நானே அந்த நகரைக் கட்டினதுபோல.

பிறகொரு செவ்வாய் அந்தக் கதிரையில்
அறியாத ஒரு மனிதர்.
கேட்டேன். சொல்லக்கூடாது, சட்டம் என்றார்கள்.
டாக்சிக்காரருக்குச் சட்டம் இல்லை.
திரும்பும் வழியில், லொறிகளுக்கிடையில்,
செர்கான் சொன்னான்:
"கிடைச்சிட்டுது. எஸ்ஸனில். ஞாயிறு இரவு."
சந்தோஷப்பட்டேன்.
அடுத்த சிக்னலில் பொறாமைப்பட்டேன்.
யாரோ ஒருவர் வீட்டில்
அன்றிரவு அழுதிருப்பார்கள் என்பது
வாசலில் இறங்கும்போதுதான் நினைவு வந்தது.

என்னையும் பட்டியலில் போட ஒரு படிவம்.
இரவில் நான் போன் எடுக்காவிட்டால்
அழைக்க இன்னொரு எண் வேண்டும்.
உறவுமுறை என்ற கட்டத்தில்
பேனை நின்றுவிட்டது.
ரூபவதி பறித்து எழுதினாள்: சகோதரி.

அவள் வேதக்காரி, நான் சைவம்.
அவளுக்கு மன்னார், எனக்கு ஏழாலை.
பெண் அலுவலர் இரண்டு பெயரையும் பார்த்து,
சொந்தச் சகோதரியா என்றார்.
"ஓம்," என்றாள்,
"ஒரே பெல்ற்று."

அவருக்கு விளங்கவில்லை.
முத்திரை குத்தினார்.